பருத்தி விளைஞ்சது... பணம் எங்கே போச்சு?

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஆண்டாள் கோயில் கோபுரம். அடுத்த நொடியே பால்கோவா! ராஜபாளையம் என்றால்? வெள்ளை வெளேர் நாய், மாம்பழம், பஞ்சாலைகள். இரண்டு ஊருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்து, மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தால், பால்கோவா பொட்டலம் காலியாகும் முன் அடுத்த ஊர் வந்துவிடும்.

இன்றைக்கு பால்கோவாவைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். பஞ்சைப் பற்றிப் பேசுவோம். இது ஒரு துப்பறியும் கதை. நடந்த காலம், தொண்ணூறு வருடங்களுக்கும் முன்பு. அப்போது விருதுநகர் மாவட்டமே கிடையாது. அது 1985-ல்தான் பிறந்தது. இந்த இரண்டு ஊரும் அன்றைக்கு ராமநாதபுரம் மாவட்டம். ஆட்சி, வெள்ளைக்காரர்கள் கையில்.

ஒரு விவசாயி இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவரைப் 'பருத்தித் தாத்தா' என்று கூப்பிடலாம். ஊருக்குக் கிழக்கே அவருக்குக் கொஞ்சம் கரிசல் காடு. மழை பெய்தது. செடி நன்றாக வந்தது. காய் வெடித்து காடெல்லாம் வெள்ளையாகச் சிரித்தது. ஆனால் அந்த வருடம்தான் தாத்தா வீட்டில் பாட்டியின் கழுத்துச் சங்கிலி விலைக்குப் போனது!

பஞ்சம் என்றால் நமக்குப் புரியும். மழை இருக்காது, விளைச்சல் இருக்காது. இங்கே மழையும் இருக்கிறது, விளைச்சலும் இருக்கிறது. பணம் மட்டும் இல்லை. யார் எடுத்துக்கொண்டு போனார்கள்?

தாத்தாவின் கணக்கு நோட்டு

பென்சிலை எடுங்கள். கணக்கு சுலபமாக வருவதற்காக எண்களை நானே போட்டிருக்கிறேன்.

1928-ல் தாத்தாவுக்கு 20 மூட்டை பருத்தி. மூட்டை 10 ரூபாய். வரவு 200 ரூபாய். செலவு? விதை, கூலி, மாட்டுத் தீனி எல்லாம் சேர்த்து 60. சர்க்காருக்கு நிலத்தீர்வை, அதாவது கிஸ்தி, 10. அந்த வருடம் கிணறு வெட்ட 100 ரூபாய் கடன் வாங்கியிருந்தார். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. வருடத்துக்கு 12. ஆக மொத்தச் செலவு 82. மிச்சம் 118 ரூபாய். வீடு ஜம்மென்று நடக்கும்.

இப்போது 1931-க்கு வாருங்கள். அதே காடு, அதே 20 மூட்டை. ஆனால் விலை பாதியாகிவிட்டது. மூட்டை 5 ரூபாய். வரவு 100. கிஸ்தி குறைந்ததா? இல்லை. வட்டி குறைந்ததா? மூச்! கூலி கொஞ்சம் இறங்கியிருக்கும், அதை விட்டுவிடுவோம். செலவு அதே 82. மிச்சம் எவ்வளவு? 18 ரூபாய்!

கவனித்தீர்களா? விலைதான் பாதியானது. கையில் நின்ற பணமோ ஆறில் ஒரு பங்குகூட இல்லை. கடனைப் பாருங்கள், இன்னும் வேடிக்கை. 1928-ல் பத்து மூட்டையை விற்றால் அந்த 100 ரூபாயை அடைத்துவிடலாம். 1931-ல் இருபது மூட்டை வேண்டும். தாத்தா ஒரு பைசா புதிதாக வாங்கவில்லை. கடன் மட்டும் தானாகவே இரண்டு மடங்கு கனத்துவிட்டது!

தாத்தா கற்பனை. ஆனால் விலை பாதியானது நிஜம். அந்த இரண்டு மூன்று வருடங்களில் இந்தியா முழுக்க விளைபொருள்களின் விலை ஏறத்தாழ பாதியாக விழுந்தது. பருத்தி, நெல், கோதுமை எதுவும் தப்பவில்லை. அதற்குப் பெயர்தான் 'பொருளாதாரப் பெருமந்தம்'.

கடலைத் தாண்டி வந்த திருடன்

துப்பு துலக்குவோம். முதல் தடயம், தண்டவாளம்.

விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குப் போகும் ரயில் பாதை 1927-ல் திறந்தது. அந்தக் காலத்தில் நம் பக்கத்துப் பருத்தி வியாபாரிகளிடம் போய், ஜின்னிங் பேக்டரியில் கொட்டை நீங்கி, அமுக்கிக் கட்டிய பேல்களாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும். அங்கிருந்து கப்பலில் ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும். கடல் கடந்த சந்தைகளில் இதற்குத் 'திருநெல்வேலிப் பருத்தி' என்றே பெயர். அதாவது, தாத்தாவின் மூட்டைக்கு விலை சொல்வது பக்கத்து ஊர் தரகர் போலத் தெரிந்தாலும், நிஜத்தில் விலை முடிவாவது எங்கேயோ கடலுக்கு அப்பால்.

அங்கே என்ன நடந்தது? முதல் உலகப் போர் 1918-ல் முடிந்தது. போரின்போது உணவுக்கும் துணிக்கும் கிராக்கி. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் எல்லாம் மாங்கு மாங்கென்று விளைவித்தார்கள். போர் முடிந்து ஐரோப்பாவும் பழையபடி விளைவிக்கத் தொடங்கியதும் சரக்கு குவிந்தது. விலை மெல்ல இறங்க ஆரம்பித்தது. அமெரிக்க நகரங்களிலோ வேறு கூத்து! கம்பெனிகளின் பங்குகளை வாங்கினால் பணம் கொட்டும் என்று கடன் வாங்கியாவது வாங்கினார்கள். 1929 அக்டோபர் 24, வியாழக்கிழமை, நியூயார்க் பங்குச் சந்தை மடமடவென்று சரிந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை அதைவிட மோசம்.

ஒருவர் பயந்தால் பரவாயில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பயந்தால்? பணத்தைத் திருப்பிக் கேட்டு பாங்க் வாசலில் கூட்டம். 1930-லிருந்து 1933-க்குள் அமெரிக்காவில் சுமார் 9,000 பாங்குகள் மூடின. பாங்க் மூடினால் கடன் இல்லை. கடன் இல்லாவிட்டால் தொழிற்சாலை ஓடாது. தொழிற்சாலை ஓடாவிட்டால் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாதவர் புதுச்சட்டை வாங்கமாட்டார். சட்டை விற்காவிட்டால் பஞ்சு யாருக்கு வேண்டும்? இப்படித்தான் நியூயார்க்கில் விழுந்த அடி கரிசல் காட்டில் வலித்தது. 1933-ல் அமெரிக்காவில் நான்கு தொழிலாளர்களில் ஒருவருக்கு வேலை இல்லை.

பெரியவர்கள் அப்போது செய்த ஒரு காரியம் எனக்கு இன்னும் ஆச்சரியம். ஒவ்வொரு நாடும், 'வெளிச் சரக்கு உள்ளே வரக்கூடாது' என்று வரிச்சுவர் எழுப்பியது. அமெரிக்கா 1930-ல் ஆரம்பித்தது. மற்ற நாடுகளும் பதிலுக்கு எழுப்பின. கில்லி விளையாட்டில் எல்லோரும் கோபித்துக்கொண்டு அவரவர் கில்லியோடு வீட்டுக்குப் போனால் ஆட்டம் என்ன ஆகும்? 1933-க்குள் உலக வாணிபத்தின் மதிப்பு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

சர்க்கார் என்ன செய்தது?

இனிமேல்தான் கதையில் சூடு. புயலைத் தடுக்க முடியாது, குடை பிடிக்கலாமே? அன்றைய பிரிட்டிஷ் இந்திய அரசு குடையையும் பிடுங்கியது என்றுதான் சொல்லவேண்டும்.

முதலில் கிஸ்தி. ரயத்துவாரி ஊர்களில் நிலத்தீர்வையை ரூபாய்க் கணக்கில் 30 வருடங்களுக்கு ஒரு தடவைதான் நிர்ணயிப்பார்கள். விலை நன்றாக இருந்த காலத்தில் போட்ட தீர்வை, விலை பாதியானபோதும் அப்படியே நின்றது. தாத்தா முன்பு ஒரு மூட்டையை விற்றுக் கட்டியதை இப்போது இரண்டு மூட்டை விற்றுக் கட்டவேண்டும். விவசாயிகள் கூட்டம் கூடிக் கூடிக் கேட்டபிறகுதான் ஏதோ கொஞ்சம் தள்ளுபடி கிடைத்தது.

அடுத்தது, ரூபாயின் மதிப்பு. 1927-லிருந்து ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று பிரிட்டிஷ் பணத்தோடு கட்டிப்போட்டிருந்தார்கள். அதைக் கொஞ்சம் குறைத்தால் நம் பருத்திக்குக் கூடுதல் ரூபாய் கிடைக்கும், குறையுங்கள் என்று இந்தியத் தலைவர்களும் வியாபாரிகளும் கத்திப் பார்த்தார்கள். அரசு அசையவில்லை. காரணம் உண்டு. இந்திய அரசு ஒவ்வொரு வருடமும் லண்டனுக்குப் பவுன் கணக்கில் பெரும்பணம் கட்டவேண்டும்: ஓய்வுபெற்ற வெள்ளைக்கார அதிகாரிகளின் பென்ஷன், வாங்கிய கடனுக்கு வட்டி, இப்படி. ரூபாய் மதிப்பு குறைந்தால் அதற்குக் கூடுதல் ரூபாய் எடுத்துவைக்க வேண்டும். ஆகவே அந்த மதிப்பைக் காப்பாற்றப் புழக்கத்தில் இருந்த பணத்தையே சுருக்கினார்கள். ஏற்கெனவே தண்ணீர் வற்றிய கண்மாயில் மடையைத் திறந்துவிட்ட கதை! 1931-ல் அரசு ஊழியர் சம்பளத்திலும் பத்தில் ஒரு பங்கு வெட்டு. வரிகளோ கூடின.

பாட்டியின் சங்கிலி இங்கேதான் வருகிறது. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தன் பணத்துக்கும் தங்கத்துக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டது. தங்கத்தின் விலை குபீரென்று ஏறியது. ஒரு தோலா, அதாவது 11 கிராமுக்குக் கொஞ்சம் மேலே, 20 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 30 ரூபாயைத் தாண்டிப் போனது. (ஆமாம், முப்பது ரூபாய்தான்! அம்மாவிடம் சொல்லாதீர்கள், ஏங்கிப்போவார்கள்.) விலை ஏறிய சந்தோஷத்தில் விற்றவர்கள் உண்டு. கிஸ்திக்கும் வட்டிக்கும் வழியில்லாமல் அழுதுகொண்டே விற்றவர்கள்தான் நிறைய. அப்படிக் கிராமம் கிராமமாகத் திரண்ட தங்கம் கப்பலேறியது. ஆறேழு வருடங்களில் இந்தியாவிலிருந்து வெளியே போன தங்கத்தின் மதிப்பு ஏறத்தாழ 300 கோடி ரூபாய். 'இந்தத் தங்கம் உலகப் பொருளாதாரம் எழுந்திருக்க உதவும்' என்று பிரிட்டனின் புகழ்பெற்ற பொருளாதார நிபுணர் கீன்ஸ் நினைத்தார். உலகம் எழுந்ததோ இல்லையோ, நம் பாட்டிக்கு அது திரும்பி வரவில்லை.

அதே நேரத்தில் அமெரிக்காவில் என்ன? 1933 மார்ச்சில் ரூஸ்வெல்ட் ஜனாதிபதி ஆனார். வந்த வேகத்தில் நாட்டின் பாங்குகள் எல்லாவற்றுக்கும் சில நாள் லீவு விட்டார். நல்ல பாங்க் எது என்று சோதித்துவிட்டுத்தான் திறந்தார்கள். ரேடியோவில் மக்களோடு நேராகப் பேசினார். வேலை இல்லாத இளைஞர்களை முகாம்களில் சேர்த்து மரம் நடச் சொல்லிச் சம்பளம் கொடுத்தார். 1942 வரை சுமார் 30 லட்சம் பேர் அப்படி வேலை பார்த்தார்கள். ஒரு கிறுக்குத்தனமான காரியமும் நடந்தது. பருத்தி விலையை ஏற்றுவதற்காக, விளைந்து நின்ற பருத்தியில் சுமார் ஒரு கோடி ஏக்கரை உழுது அழிக்கச் சொல்லி அரசே விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தது! மேல்சட்டை இல்லாத பிள்ளைகள் தெருவில் நிற்கும்போது பருத்தியை மண்ணுக்குள் தள்ளுவது சரியா என்று அன்றைக்கே பலர் கேட்டார்கள். எனக்கும் அது உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் அங்கே அரசு தன் பையிலிருந்து பணத்தை வெளியே எடுத்தது. இங்கே ஜனங்களின் பையிலிருந்து எடுத்தது. 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, கூட்டமில்லாமல் வரிசையில் நிற்கச் சொல்லி, தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் அட்டைக்கு 1,000 ரூபாயும் அரிசியும் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் அப்போது குட்டியாக இருந்திருப்பீர்கள், அப்பாவிடம் கேளுங்கள். கஷ்ட காலத்தில் அரசு கையைச் சுருக்கக்கூடாது என்ற பாடம், 1930-களில் அடிபட்டுத்தான் உலகம் படித்தது.

மந்தத்தில் பிறந்த மில்

இப்போது ஒரு புதிர். ஊரே சுருண்டு கிடந்த அந்தக் காலத்தில்தான் தமிழ்நாட்டில் பஞ்சாலைகள் மளமளவென்று முளைத்தன. கோயம்புத்தூரில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ராஜபாளையத்திலும் 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 'ராஜபாளையம் மில்ஸ்' கம்பெனியைத் தொடங்கினார். மந்தத்தில் யாராவது ஆலை கட்டுவார்களா?

கட்டுவார்கள்! காரணத்தைப் பாருங்கள். பருத்தி மலிவு. தாத்தாவுக்கு எது கஷ்டமோ, ஆலைக்கு அதுவே லாபம். இரண்டாவது, வரி. வெளிநாட்டுத் துணிக்கு 1930-லிருந்து இந்தியாவில் வரி ஏறிக்கொண்டே போனது. பிரிட்டன் துணிக்குக் கொஞ்சம் குறைவு, மற்றவர்களுக்கு அதிகம். 1933-ல் ஜப்பான் போன்ற நாடுகளின் துணிக்கு வரி 75 சதவீதம்! நூறு ரூபாய்த் துணிக்கு 75 ரூபாய் வரி. அரசு இதைச் செய்தது தன் கஜானாவுக்காகவும், பிரிட்டிஷ் ஆலைகளுக்காகவும்தான். ஆனால் அந்த நிழலில் நம் ஊர் ஆலைகளும் வளர்ந்துகொண்டன. மூன்றாவது, பணம். விவசாயிகளிடம் கொடுத்த கடன் திரும்பி வராததால், காசு வைத்திருந்தவர்கள் 'இனிமேல் கிராமத்தில் வட்டிக்கு விடவேண்டாம், ஆலையில் பங்கு வாங்குவோம்' என்று திரும்பினார்கள்.

ஜப்பான் சும்மா இருந்ததா? 'எங்கள் துணி வேண்டாமா? உங்கள் பஞ்சு எங்களுக்கு வேண்டாம்!' என்று 1933-ல் இந்தியப் பருத்தியை வாங்க மறுத்துவிட்டது. பாவம் தாத்தா! துணிக்காரர்கள் சண்டையில் அடி விழுந்தது பருத்திக்காரருக்கு. கடைசியில் 1934-ல் சமாதானம் ஆனது. ஜப்பான் எவ்வளவு பஞ்சு வாங்குகிறதோ அதற்குத் தக்கபடி துணி விற்கலாம் என்று ஒப்பந்தம்.

ஆலை வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டதா? ஆலைக் கதவுக்குள் போனவர்களுக்குக் கூலி கிடைத்தது. காட்டிலேயே நின்றவர்களின் கழுத்தில் கடன் அப்படியே தொங்கியது.

கடன் பத்திரத்துக்கு வந்த சட்டம்

1937 தேர்தலில் காங்கிரஸ் ஜெயித்து, சென்னை மாகாணத்தில் ராஜாஜி பிரதமர் ஆனார். (அப்போது மாகாணத்தின் முதல்வரைப் பிரதமர் என்றுதான் சொல்வார்கள்.) 1938 மார்ச்சில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. அது சொன்னது இதுதான். 1932 அக்டோபர் 1-க்கு முன்பு வாங்கிய கடனா? 1937 அக்டோபர் 1 வரை சேர்ந்திருக்கும் வட்டி பாக்கி முழுக்க ரத்து; அசலைக் கொடுத்தால் போதும். அதற்குள் அசலைப்போல இரண்டு மடங்கு கட்டியாகிவிட்டதா? கடனே கிடையாது, எழுந்து போகலாம்! 1932 அக்டோபருக்குப் பின் வாங்கிய கடனா? நூற்றுக்கு வருடம் 5 ரூபாய் வட்டி போதும்.

நம் தாத்தாவின் நோட்டைத் திறங்கள். 1928-ல் வாங்கிய 100. முதல் மூன்று வருடம் வட்டி கட்டினார். பிறகு முடியவில்லை. ஆறு வருடத்துக்கு, பன்னிரண்டு பன்னிரண்டாக, 72 ரூபாய் பாக்கி. மொத்தம் 172. சட்டம் வந்ததும் 72 போயே போச்சு. மிச்சம் 100 மட்டும்!

கடன் கொடுத்தவர்கள் கொதித்தார்கள். அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு; கொடுத்தவர்கள் எல்லோரும் பெரும் பணக்காரர்கள் அல்லவே. வேறு சொத்தில்லாத பெண்கள் கொடுத்த சிறு கடன்களுக்குச் சட்டத்தில் விலக்கு வைத்திருந்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் வேறொரு குறை இருந்தது. சொந்தமாகவோ குத்தகைக்கோ நிலம் வைத்திருந்தவருக்குத்தான் இந்தச் சட்டம். தாத்தாவின் காட்டில் பருத்தி எடுத்த கூலிக்காரப் பெண்ணுக்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது. அவர் கூலி இறங்கியபோது யாரும் சட்டம் போடவில்லை. இன்னொன்று, சட்டம் வந்தது 1938-ல். விலை விழுந்தது 1930-ல். அந்த எட்டு வருட இடைவெளிக்குள் எத்தனையோ காடுகள் கைமாறிவிட்டன.

1939-ல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. பட்டாளத்துக்குத் துணி வேண்டும். பஞ்சாலைகள் ராப்பகலாக ஓடின, விலைகளும் ஏறின. அதற்குப் பிறகு வந்தது வேறு கஷ்டம், விலைவாசி உயர்வு. அது இன்னொரு கதை.

குட்டீஸ், உங்கள் வீட்டிலோ தாத்தா வீட்டிலோ பரணில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால், பெரியவர்களிடம் கேட்டுத் திறந்து பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ஸ்டாம்பு ஒட்டிய புரோநோட்டோ கடன் பத்திரமோ கிடைக்கலாம். கிடைத்தால், முதலில் தேதியைப் பாருங்கள். 1932 அக்டோபர் 1-க்கு முன்பா, பின்பா?